மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை: பெரிய ரவுட்டர் வேண்டாம், ஒரு கேபிள் போதும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருச்சி உறையூரில் கீழும் மேலுமாக இரண்டு தளம் கொண்ட சொந்த வீடு. கட்டி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. சுவர்கள் எல்லாம் ஒன்பது அங்குலச் செங்கல். நொடிக்கு 200 மெகாபிட் வேகத்தில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. அதன் பெட்டி (ரவுட்டரும் அதற்குள்ளேயேதான்) கீழே முன் ஹாலில், டிவிக்குப் பின்னால். மகள் மாடியில் பின்பக்க அறையில் உட்கார்ந்து அலுவலக வேலை பார்க்கிறார். காணொளிக் கூட்டத்தின் நடுவே படம் உறைந்துபோகிறது, குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. கடைக்காரர் ஆறு ஆண்டெனா வைத்த ரவுட்டர் ஒன்றைக் காட்டி, "ஏழாயிரம் ரூபாய், இதை வைத்தால் மொட்டை மாடி வரை எடுக்கும்" என்கிறார். வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் பாதிக்குள் உங்கள் வேலை முடியும். கீழிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அதன் முனையில் சாதாரணமான இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வையுங்கள். பதினைந்து ஆண்டுகளாக வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் இணையக் கேபிள் போட்டுக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். கேபிள் போட்டதற்காக வருத்தப்பட்ட வீடு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. பெரிய ரவுட்டரை வாங்கிவிட்டு ஆறு மாதத்தில் என்னை அழைத்தவர்கள் நிறையப் பேர். ஏன் இப்படி என்பதை விவரமாகவே எழுதுகிறேன். காரணம் புரிந்துவிட்டால் அடுத்த முறை கடையில் நீங்களே முடிவெடுக்கலாம்.

முதலில், குறை வெளியே இருந்து வரும் இணைப்பில் இருக்கிறதா, வீட்டுக்குள் காற்றில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மடிக்கணினியைக் கீழே கொண்டுவந்து, ஃபைபர் பெட்டியில் லேன் கேபிள் மூலம் நேரடியாகச் செருகி வேகத்தைச் சோதியுங்கள். 200-க்குப் பக்கத்தில் வந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். பிறகு மாடி அறைக்குப் போய், கட்டளைத் திரையில் பிங் என்ற கட்டளையை (சிறு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது) உங்கள் பெட்டியின் முகவரிக்கே, பெரும்பாலும் 192.168.1.1, தொடர்ந்து ஓடவிடுங்கள். இந்தச் சோதனை வீட்டுக்குள்ளேயே போய்த் திரும்புகிறது, இணைய நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பதில் வரும் நேரம் ஐந்து, பத்து மில்லி நொடிக்குள் சீராக இருக்க வேண்டும். 3, 4, 280, 5, 610, பதில் இல்லை, 7 என்று தாவித்தாவி வந்தால் குறை முழுக்க முழுக்க உங்கள் வீட்டு வைஃபையில்தான். கீழே நன்றாக இருக்கிறது, மேலேதான் தொல்லை என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இதுதான் விடையாக வரும் என்று நினைக்கிறேன்.

திட்டத்தை 300-க்கு உயர்த்தச் சொல்லிச் சிலர் ஆலோசனை கூறுவார்கள். அதற்கும் சம்மதிக்காதீர்கள். ஒரு காணொளிக் கூட்டத்துக்கு நொடிக்கு நான்கு மெகாபிட் இருந்தாலே தெளிவான படம் வரும். 4கே படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட். உங்களிடம் இருக்கும் 200 தாராளம். மகளின் கூட்டம் உறைவதற்குக் காரணம் தண்ணீர் குறைவாக வருவதல்ல, குழாய் வழியில் அடைபடுவது.

இனி அந்த ஆறு ஆண்டெனா விஷயம். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பேசுவது நான்கு தெருவுக்குக் கேட்கும். ஆனால் நான்காவது தெருவிலிருந்து நீங்கள் வெறும் வாயால் பதில் சொன்னால் மைக் பிடித்தவருக்குக் கேட்குமா? வைஃபை ஒருவழிப் பேச்சு அல்ல. ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு துண்டுக்கும் மகளின் மடிக்கணினி "வந்துவிட்டது" என்று திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ரவுட்டர் அதையே மறுபடி அனுப்பும். மடிக்கணினியின் அலைபரப்பும் திறன் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். கைப்பேசிக்கு அதுவும் இருக்காது. ரவுட்டரில் ஆறு கொம்பு முளைத்தாலும் மடிக்கணினியில் இருப்பது பெரும்பாலும் இரண்டே இரண்டு சிறு ஆண்டெனாக்கள். போதாததற்கு, உரிமம் இல்லாமல் எவ்வளவு திறனில் அலைபரப்பலாம் என்பதற்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய் ரவுட்டரும் இருபதாயிரம் ரூபாய் ரவுட்டரும் அந்த வரம்புக்குள்தான் இருந்தாக வேண்டும். அதனால்தான் கைப்பேசியில் மூன்று கோடு சிக்னல் தெரிந்தும் எதுவும் நகராமல் நிற்கிறது. ரவுட்டர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் பேசுவது ரவுட்டருக்குக் கேட்கவில்லை.

அடுத்தது சுவர். சிக்னலின் வலுவை டெசிபெல் கணக்கில் அளப்பார்கள். மூன்று டெசிபெல் குறைந்தால் வலு பாதியாகும், பத்து குறைந்தால் பத்தில் ஒன்றாகும், இருபது குறைந்தால் நூறில் ஒன்றாகும். நடுவில் தடையே இல்லாத வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஆறு டெசிபெல் போகும். அதை விடுங்கள், வீட்டுக்குள் தூரம் பெரிய எதிரி அல்ல. எதிரி செங்கலும் கான்கிரீட்டும்தான். உங்கள் வைஃபை 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைகளில் ஓடுகிறது. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஒன்றைத் தாண்டும்போது 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் இருபது டெசிபெல் வரை பறிபோவதை நானே பல வீடுகளில் அளந்திருக்கிறேன். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் கொஞ்சம் நன்றாக ஊடுருவும், ஆனால் வேகம் குறைவு, அண்டை வீட்டு நெரிசலும் அதில்தான் அதிகம். வெளிநாட்டு விளம்பரத்தில் ஒரே ரவுட்டர் மூன்று மாடிக்குச் சிக்னல் கொடுப்பதாகக் காட்டுவார்கள். அந்த வீடுகளில் பல மரச்சட்டமும் அட்டைப் பலகையும் வைத்துக் கட்டியவை. நம் வீடு அப்படி இல்லை. வெயிலையும் மழையையும் தடுக்கக் கட்டிய சுவர் வைஃபையையும் சேர்த்தே தடுக்கிறது.

சுவரைத் தவிர மூன்று பொருட்களைக் கவனியுங்கள்: இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர். இரும்பும் கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் விழுங்கிவிடும். டிவியின் பின்பக்கத் தகடும் இரும்புக் கணக்கில்தான் சேரும். உங்கள் பெட்டி இருக்கும் இடமே டிவிக்குப் பின்னால் என்பதை மறக்க வேண்டாம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் ரவுட்டரை பீரோவின் மேல், சுவர் மூலையில் வைத்திருந்தார்கள். உயரத்தில் இருந்தால் நல்லது என்று யாரோ சொன்னது உண்மைதான். ஆனால் பீரோவின் பின்னால் இருந்த படுக்கையறைக்கு ஒரு துளி சிக்னல் இல்லை. பெட்டியை எட்டடி நகர்த்தி ஹாலின் நடுச்சுவரில் ஆணியடித்து மாட்டினோம். வேறெதுவும் வாங்கவில்லை.

ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையும் பலர் கேட்பார்கள். ஒரு மெதுவடையின் ஓட்டைக்குள் குச்சியைச் செருகிப் பிடித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். குச்சிதான் ஆண்டெனா, வடைதான் அதிலிருந்து பரவும் சிக்னல். குச்சி நேராக நின்றால் வடை தரைக்கு இணையாகப் படுத்திருக்கும், அதாவது அதே தளத்தில் நாலாபக்கமும் நன்றாகப் பரவும். குச்சியின் நுனி காட்டும் திசையில், நேர் மேலேயும் நேர் கீழேயும், ஓட்டைதான், அங்கே சிக்னல் மிகக் குறைவு. மாடிக்குக் கொஞ்சம் அனுப்ப வேண்டும் என்றால் ஓர் ஆண்டெனாவையாவது படுக்கவையுங்கள். எல்லா ஆண்டெனாவையும் மாடி அறையை நோக்கிக் குறிபார்த்துத் திருப்புவது நேர் எதிரான பலனைத்தான் தரும்.

காசு செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அலசும் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். அது மைனஸில் எண்களைக் காட்டும். மைனஸ் 40 என்றால் ரவுட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். மைனஸ் 67 வரை காணொளிக் கூட்டம் சிக்கலில்லாமல் நடக்கும். மைனஸ் 75-ஐத் தாண்டினால் தடுமாறும். மைனஸ் 85-இல் பெயர் மட்டும் தெரியும், வேலை நடக்காது. ஹால், சமையலறை, படிக்கட்டுத் திருப்பம், மாடி வராந்தா, மகளின் மேசை என்று ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று, கதவைச் சாத்தியும் திறந்தும், 2.4-க்கும் 5-க்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மகள் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து, கைப்பேசியை மேசை மேல் வைத்துப் பாருங்கள். கையில் உயர்த்திப் பிடித்தால் எண் நன்றாகத்தான் வரும், ஏமாந்துவிடுவீர்கள். இந்தக் காகிதம்தான் உங்கள் வீட்டின் வரைபடம். எந்தக் கடைக்காரரிடமும் இது கிடையாது.

அந்த எண்களைப் பார்த்த பிறகு ஃபைபர் பெட்டியையே இடம் மாற்றலாமா என்றும் யோசிக்கலாம். படிக்கட்டு ஏறும் இடத்தில், கூரைக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் இரண்டு தளத்துக்கும் ஓரளவு எட்டும், ஏனென்றால் படிக்கட்டு இருக்கும் இடத்தில் மட்டும் கான்கிரீட் தளம் திறந்திருக்கிறது. இணைய நிறுவனத்தின் ஆளைக் கூப்பிட்டால் கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்றிக்கொடுப்பார்கள். நீங்களாக அந்த மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளைக் கம்பியை இழுத்து ஆணியில் சுற்ற வேண்டாம். உள்ளே இருப்பது தலைமுடி கனமுள்ள கண்ணாடி இழை. கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வரும் ஒளியின் வலு மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 25-ஐத் தாண்டியிருந்தால் இப்போதே சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள், மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவே இல்லை என்று பொருள். பச்சை நிறச் செருகியின் நுனி சாய்வாகச் சீவப்பட்டிருக்கும், நீல நிறச் செருகி அப்படி இருக்காது. இரண்டையும் மாற்றிச் செருகினால் ஒளி பாதி வழியில் வீணாகும்.

இதையெல்லாம் செய்தாலும் ஒன்பது அங்குலச் சுவர் இரண்டும் ஒரு கான்கிரீட் தளமும் குறுக்கே நிற்கும் பின்பக்க அறைக்குச் சீரான சிக்னல் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கேபிளுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. அது சுவரைப் பார்ப்பதில்லை, பக்கத்து வீட்டு வைஃபையைப் பார்ப்பதில்லை. இருபத்தைந்து மீட்டர் கேபிளில் ஜிகாபிட் வேகம், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட், எப்போதும் கிடைக்கும். விதிப்படி 100 மீட்டர் வரை தாங்கும்.

சுவரை உடைக்க வேண்டுமே என்று பயப்படாதீர்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டுக்கு முன் கட்டிய வீடு என்றீர்கள். அந்தக் காலத்தில் தொலைபேசிக்கும் கேபிள் டிவிக்கும் என்று தனியாக பீவிசி குழாயைச் சுவருக்குள் பதிப்பது வழக்கம். படுக்கையறைகளில் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லாத வெற்று மூடி ஒன்று இருக்கிறதா பாருங்கள். அதைக் கழற்றினால் உள்ளே பழைய தொலைபேசி வயரோ கறுப்பு டிவி கேபிளோ தூங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பழைய கேபிளின் ஒரு முனையில் புதிய லேன் கேபிளைக் கட்டி, மின்நாடா சுற்றி, மறுமுனையிலிருந்து ஒருவர் மெல்ல இழுக்க, இந்தப் பக்கம் ஒருவர் ஊட்டிக்கொடுத்தால் அரை மணியில் வேலை முடிந்துவிடும். இழுக்கும்போதே ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள், நாளைக்கு இன்னொரு கேபிள் தேவைப்பட்டால் அது வழிகாட்டும். குழாய் அடைத்திருந்தால் படிக்கட்டுச் சுவர் ஓரமாகப் பிளாஸ்டிக் பட்டிக்குள் கொண்டுபோகலாம். மின்சார வயர் போகும் குழாய்க்குள் மட்டும் லேன் கேபிளைச் சேர்த்து விடக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து, எலக்ட்ரீசியன் "ஒன்றும் ஆகாது" என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேபிளில் கேட் 6 என்ற தரத்தைக் கேளுங்கள், அதற்கு ஒரு படி கீழான கேட் 5இ கிடைத்தாலும் உங்கள் தேவைக்குப் போதும். முக்கியமானது உள்ளே இருப்பது முழுச் செம்பா என்பது. விலை குறைந்த கேபிள்களில் அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். பார்க்கச் செம்பு போலவேதான் இருக்கும். கடையிலேயே ஒரு வயரின் உறையை நீக்கி, பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வேண்டாம் என்று வைத்துவிட்டு வாருங்கள். அலுமினியம் இரண்டு முறை வளைத்தால் உள்ளுக்குள்ளேயே ஒடிந்துவிடும். சுவருக்குள் போன கேபிளில் எங்கே ஒடிந்தது என்று தேடுவது பெரும்பாடு.

முனையில் செருகி பொருத்துவதை ஒருமுறை கற்றுக்கொண்டால் நீங்களே செய்யலாம். எட்டு வயர்களையும் பிரித்து நேராக நீவி, செருகியின் பூட்டு நாக்கு கீழே இருக்கும்படி பிடித்து, இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. எட்டும் செருகியின் நுனிச் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்பது செருகியின் தெளிந்த பிளாஸ்டிக் வழியாகத் தெரிய வேண்டும், அதன் பிறகே செருகியை இறுக்கும் இடுக்கியை அழுத்துங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், என் அண்ணன் வீட்டில் ஒரு நாள் முழுக்க ஒரு மர்மத்தைத் துரத்தினேன். 300 மெகாபிட் இணைப்பு, நல்ல ரவுட்டர், மாடியில் மட்டும் 94-ஐத் தாண்டவே இல்லை. ரவுட்டரை மாற்றினேன், அமைப்பை அழித்து மீண்டும் போட்டேன், மடிக்கணினியை மாற்றினேன். மறுபடி மறுபடி அதே 94. மாலையில்தான் அந்த எண்ணே விடையைச் சொல்கிறது என்று உறைத்தது. ஜிகாபிட் வேகத்துக்கு எட்டு வயரும் வேண்டும். நீல, பழுப்பு ஜோடிகளில் ஒரு வயர் அறுந்தாலும் கருவிகள் தமக்குள் பேசிக்கொண்டு நான்கே வயரில் ஓடும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் காட்டாது. வெட்டி எடுத்த செருகியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழுப்பு வயர் மற்ற ஏழுக்கும் ஒரு மில்லிமீட்டர் பின்தங்கி, தகட்டைத் தொடாமல் நின்றிருந்தது. புதிய செருகி போட்டவுடன் முழு வேகமும் வந்தது. உங்கள் வீட்டிலும் 94, 95 என்று ஒரு எண் பிடிவாதமாக நின்றால் நேராகச் செருகியைப் பாருங்கள்.

இரண்டாவது ரவுட்டரை வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். ஏ.சி.1200 என்றால் 2.4-இல் 300-ம் 5-இல் 867-ம் கூட்டி, முழுமையாக்கிப் போட்டது. ஒரு கருவி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தும். ஏ.எக்ஸ்.1500 என்பதும் 300-ம் 1201-ம் சேர்ந்ததுதான். காகிதத்தில் உள்ள வேகத்தில் பாதி கைக்கு வந்தால் நல்ல ரவுட்டர். இதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு: ஏ.சி.1200 என்று அச்சிட்டு, பின்பக்கம் கேபிள் செருகும் இடத்தில் 100 மெகாபிட் துளைகளை வைத்து விற்கும் ரவுட்டர்கள் கடைகளில் ஏராளம். உங்கள் 200 மெகாபிட் இணைப்பு அதன் வாசலிலேயே பாதியாகிவிடும். பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் "10/100" என்று மட்டும் இருந்தால் வேண்டாம். "10/100/1000" அல்லது ஜிகாபிட் என்று இருக்க வேண்டும். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

வைஃபை 6 (ஆறாம் தலைமுறை) உள்ள, ஏ.எக்ஸ்.1500 தரத்தில், எல்லாத் துளையும் ஜிகாபிட்டாக இருக்கும் ரவுட்டர் உங்களுக்குப் போதுமானது. கையில் நல்ல வைஃபை 5 ரவுட்டர் சும்மா கிடந்தால் அதையே மாடியில் வைக்கலாம், வித்தியாசம் தெரியாது. வைஃபை 7-க்கு 2024-இல்தான் சான்றளிப்புத் தொடங்கியது. அதன் முழுப் பலனும் கிடைக்க மடிக்கணினியும் கைப்பேசியும் அதே தலைமுறையாக இருக்க வேண்டும். அது கூடுதலாகப் பயன்படுத்தும் 6 ஜிகாஹெர்ட்ஸ் அலை செங்கல் சுவரிடம் 5-ஐவிடவும் சீக்கிரம் தோற்றுவிடும். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம்.

கேபிளே போட முடியாத நிலையில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக: ரிப்பீட்டர் என்று விற்கும் சிறிய கருவி கேட்டதையே மறுபடி சொல்வது. ஒரே அலையில் கேட்பதும் சொல்வதும் நடப்பதால் வேகம் பாதியாகும். மெஷ் தொகுப்பு (சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் பல கருவிகள்) அதைவிட நல்லது, ஆனால் கம்பியில்லாமல் வைத்தால் அதற்கும் இதே இயற்பியல்தான். பலர் செய்யும் தவறு, இரண்டாவது மெஷ் கருவியைச் சிக்னல் வராத அறைக்குள்ளேயே வைப்பது. சிக்னல் இல்லாத இடத்தில் அதற்கும் எதுவும் கேட்காது. உங்கள் வரைபடத்தில் மைனஸ் 60, 65 இருக்கும் இடத்தில், அதாவது படிக்கட்டுத் திருப்பத்தில் வைக்க வேண்டும். மின்சார வயர் வழியாகவே இணையத்தை அனுப்பும் கருவிகளும் உண்டு. மும்முனை இணைப்புள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு முனையிலும் மாடி வேறு முனையிலும் இருக்கக்கூடும், அப்போது அவை தடுமாறும். அதனால் நான் பரிந்துரைப்பதில்லை.

பொருத்தும் முறைக்கு வருகிறேன். புதிய ரவுட்டரின் அமைப்பில் ஆக்சஸ் பாயிண்ட் என்ற நிலை இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்யாமல் இரண்டு ரவுட்டர்களையும் ரவுட்டராகவே ஓடவிட்டால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வலையமைப்புகள் உருவாகும். மாடியிலிருந்து கீழே உள்ள பிரிண்டர் தெரியாது, டிவிக்குப் படம் அனுப்ப முடியாது. பழைய ரவுட்டரில் அந்த நிலை இல்லாவிட்டால் முகவரி வழங்கும் வசதியை (DHCP) அணைத்துவிட்டு, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, கீழிருந்து வரும் கேபிளை WAN என்று எழுதிய, பெரும்பாலும் நீலமான துளையில் அல்லாமல் சாதாரண லேன் துளையில் செருகுங்கள். துளையின் நிறம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாறும், பெயரைப் படித்துச் செருகுவது நல்லது.

இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுங்கள். மாடிக்கு ஏறும்போது கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும். சில கைப்பேசிகள் கீழே உள்ள ரவுட்டரை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது இரண்டு ரவுட்டரிலும் 2.4-இன் அலைபரப்பும் திறனை நடுத்தரத்துக்குக் குறையுங்கள், பிடி தளரும். ஆனால் அலைவரிசை இரண்டிலும் வேறாக இருக்க வேண்டும். 2.4-இல் பதின்மூன்று எண்கள் இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை 1, 6, 11 மூன்றுதான். கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11, அலைவரிசையின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். தெருவில் எல்லோரும் 6-இல் இருந்தால் நீங்கள் 3-க்குப் போய் ஒதுங்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் 1-இல் இருப்பவரும் 6-இல் இருப்பவரும் சேர்ந்து உங்களை நெருக்குவார்கள்.

5 ஜிகாஹெர்ட்ஸில் நமக்கு இடம் தாராளம். 2018 அக்டோபரில் மத்திய அரசு இந்த அலைக்கற்றையில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. கீழே 36, மேலே 149 என்று வைத்து, அகலம் 80 கொடுங்கள். நடுவில் உள்ள 52 முதல் 144 வரையிலான எண்களில் ராடார் சிக்னல் கேட்டால் ரவுட்டர் இடத்தைக் காலிசெய்தாக வேண்டும். விமான நிலையம் இருக்கும் ஊரில் அவற்றைத் தொடாமல் இருப்பது நிம்மதி. வீட்டில் வைஃபை வழி இயங்கும் பிளக், பல்பு இருந்தால் அவற்றில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே அறியும். ஆகவே அதை அணைத்துவிட வேண்டாம்.

பாதுகாப்புக்குச் சுருக்கமாக மூன்று சொல்கிறேன். வைஃபை பூட்டு முறையில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3-ஐத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லை நீளமாக வையுங்கள், கைப்பேசி எண்ணும் பிறந்த தேதியும் வேண்டாம். ஃபைபர் பெட்டிக்குள் நுழையும் நிர்வாகக் கடவுச்சொல்லை, நிறுவனத்தார் வைத்துவிட்டுப் போனதிலிருந்து மாற்றுங்கள். பொத்தானை அழுத்தி இணையும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணையுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணைப் பதினோராயிரம் முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளியான விஷயம்.

கடைசியாக மின்சாரம், மகளின் வேலைக்கு இதுவும் முக்கியம். மின்தடையின்போது இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் ரவுட்டர் அணைந்து மறுபடி எழ இரண்டு நிமிடம் ஆகும், கூட்டம் அறுந்துவிடும். 12 வோல்ட் கொடுக்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றைப் பெட்டிக்கும் அடாப்டருக்கும் நடுவில் செருகினால் போதும். வாங்குமுன் அடாப்டரின் மேல் அச்சிட்ட வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா பாருங்கள். யு.பி.எஸ். மேல் 8800 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால், அது 3.7 வோல்ட் பேட்டரிக் கணக்கு. பெருக்கினால் 32 வாட் மணி சொச்சம். எட்டு வாட் எடுக்கும் பெட்டிக்கு, மாற்றத்தில் வீணாவது போக, மூன்று மணி நேரம் வரும். மேலும் கீழும் ஒவ்வொன்று வேண்டும்.

கேபிளை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இடி. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் வெளிச்சுவரில் தொங்கும் நீளமான செம்புக் கம்பி பக்கத்தில் விழும் மின்னலை வாங்கிக்கொண்டு இரண்டு முனையிலும் உள்ள கருவிகளின் துளைகளைச் சுட்டுவிடும். வெளியே விட்டே ஆக வேண்டும் என்றால் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட கேபிளைக் குழாய்க்குள் விட்டு, பெருமழை நாட்களில் கழற்றிவையுங்கள். ஆனால் அந்த வெற்று மூடியை முதலில் கழற்றிப் பாருங்கள். பழைய டிவி கேபிளைக் கீழே ஒருவர் ஆட்டும்போது மேலே அசைகிறது என்றால், உங்களுக்கு வேண்டியது இருபத்தைந்து மீட்டர் கேபிளும் நான்கு செருகிகளும் மாடிக்கு ஒரு ரவுட்டரும் மட்டும்தான்.